பந்தியில் யார் இல்லை?



டிசம்பர் மாதம் நெருங்குகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கே செல்வது என்ற பேச்சு இல்லங்களில் தொடங்கியிருக்கும். கன்னியாகுமரியா, கொடைக்கானலா? எத்தனை பேர், எந்த வேன், வழியில் உண்பதற்குப் புளியோதரை யார் வீட்டிலிருந்து, தயிர்ச்சோறு யார் வீட்டிலிருந்து? இதற்கிடையே கீதபவனி, கிறிஸ்துமஸ் ஆராதனை, வருட முடிவின் இரவு ஆராதனை. ஜனவரி பிறந்ததும் உறவில் ஒரு திருமணம், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம், ஒரு புதுமனைப் பிரதிஷ்டை. குடும்பங்கள் கூடுகிற காலம் இது. கூடி மகிழ்வது தேவன் தந்த ஈவு. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

இந்தக் காலத்தில் ஒருவகைத் தியானமும் நம்மிடையே பெருகும். கடலைக் கண்டால் கிருபையின் ஆழம். மலையைக் கண்டால் விசுவாசத்தின் உறுதி. ராட்டினம் ஏறி இறங்கினால் வாழ்வின் உயர்வும் தாழ்வும். கேக்கின்மேல் எரியும் மெழுகுவர்த்தியில் சாட்சியின் வெளிச்சம். ஒரு படம் எடுத்து, அதன்மேல் ஒரு வசனத்தைப் பொறித்து, உறவினர் குழுவுக்கு அனுப்பிவிட்டால் உல்லாசப் பயணம் ஆவிக்குரிய பயணமாகிவிடுகிறது. இவ்வாரம் நான் வழக்காட விரும்புவது இந்தப் பழக்கத்தோடுதான்.

கடலைப் பார்த்துத் தேவனைத் துதிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. சங்கீதக்காரன் துதித்தான். நம் ஆண்டவரும் காட்டுப்பூக்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டி உபதேசித்தார். ஆனால் அவர் பூவைக் காட்டி, அழகாயிருக்கிறது என்று சொல்லி நிறுத்தவில்லை. உடையைப் பற்றிய கவலையை விட்டுவிடச் சொன்னார். அவர் கற்பித்த பாடம் கேட்டவனிடம் ஒன்றைக் கேட்டது. நாம் கண்டெடுக்கும் பாடங்களோ நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அவை நம்மைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவேதான் அவை நமக்கு இவ்வளவு பிடித்திருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். பயணத்திலும் பண்டிகையிலும் நாம் பாடத்தைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. பாடம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. யாரை அழைத்தோம், யாரை விட்டுவிட்டோம், யார் உட்கார்ந்தார், யார் நின்றார், யார் முதலில் உண்டார், யார் எஞ்சியதை உண்டார் என்பதே அந்தப் பாடம். அதை நம் பிள்ளைகள் எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்வித்த வசனத்தை அவர்கள் மறக்கலாம். பந்தியில் கண்டதை மறப்பதில்லை.

வேதம் பண்டிகையை நடத்தும் விதம்

மோசேயின் வழியாகத் தேவன் பண்டிகைகளைக் கட்டளையிட்டபோது, இந்தக் காட்சியிலிருந்து இந்த ஆவிக்குரிய கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டுவிடவில்லை. பண்டிகையை எப்படி நடத்த வேண்டும் என்று சொன்னார். யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒரு வீட்டார் சிலராயிருந்து, ஓர் ஆட்டுக்குட்டி அவர்களுக்கு அதிகமானால், அண்டை வீட்டாரோடு சேர்ந்து அதைப் புசிக்க வேண்டும். எகிப்தைவிட்டுப் புறப்படும் அந்த அவசரமான இரவிலும், பக்கத்து வீட்டைப் பற்றிய ஒரு விதி! அதே அதிகாரத்தில், பின்னாளில் பிள்ளைகள் இந்த ஆராதனையின் பொருள் என்ன என்று கேட்பார்கள் என்றும், அப்போது பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்றும் வருகிறது. முதலில் செய்கை, அதைக் கண்ட பிள்ளையின் கேள்வி, அதன்பின் விளக்கம். நாம் இந்த வரிசையைக் கவிழ்த்துவிட்டோம். செய்கை எதுவாயிருந்தாலும் விளக்கம் மட்டும் வேதத்தின்படி இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம்.

உபாகமம் 16-ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. வாரங்களின் பண்டிகையில் யார் யார் மகிழ வேண்டும் என்று பெயர்ப் பட்டியலே தருகிறது: நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் ஊரில் இருக்கும் லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை. ஒன்பது பேர். கூடாரப் பண்டிகைக்கும் அதே பட்டியல் சில வசனங்களுக்குள் மறுபடியும் வருகிறது, முதல்முறை காதில் விழாதவர்களுக்காக.

இந்த ஒன்பது பேரில் லேவியனை மட்டும் நாம் ஒருபோதும் மறந்ததில்லை என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். போதகருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. இலையில் கறித்துண்டும் கொஞ்சம் கூடுதலாகவே விழும். மற்றவர்கள் எங்கே? வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் எங்கே? லேவியனை மட்டும் அழைத்துவிட்டு நாம் உபாகமத்தின்படி பண்டிகை கொண்டாடுவதாகச் சொல்ல முடியுமா? அழைக்கப்பட்ட லேவியனும், மற்றவர்களைப் பற்றி விசாரிக்காமல் வாயடைத்து உண்டுவிட்டு வரலாமா?

வேனை ஓட்டுகிறவர்

வேலைக்காரனிலிருந்து தொடங்குவோம். அதிகாலை நான்கு மணிக்கு வேன் புறப்படுகிறது. ஜெபம் செய்து, பயணத்தைக் கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். வேன் உண்மையில் யாருடைய கரத்தில் இருக்கிறதோ, அவருடைய பெயர் அந்த ஜெபத்தில் வருவதில்லை. பத்து மணிக்கு ஒரு மரத்தடியில் ஜமக்காளம் விரிக்கிறோம். இருபது பேர் வட்டமாக அமர்கிறோம். ஓட்டுநருக்கு ஒரு பொட்டலம் போகிறது. அவர் முன்சக்கரத்தருகே நின்று உண்கிறார். இரவில் நமக்கு விடுதி அறை. அவருக்கு வேனின் பின் இருக்கை. மலையில் குளிரும், சமவெளியில் கொசு கடிக்கும். மறுநாள் அதே மனிதர் அதே கண்களோடு நம் பிள்ளைகளைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்பது அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்ற நினைவூட்டலும் உடன் வருகிறது. நம் இளைப்பாறுதல் இன்னொருவருடைய களைப்பின்மேல் கட்டப்படக் கூடாது. இதைச் சொல்ல நமக்கு மோசே இருந்தார். ஆயினும் 2023-இல் தமிழ்நாடு அரசு, விருந்தினரின் ஓட்டுநர்கள் தங்குவதற்கு விடுதிகளில் இடம் அமைக்க வேண்டும் என்று கட்டட விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. வேதத்தைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு அரசாங்கம் ஓய்வுநாளைக் கற்பிக்க வேண்டிய நிலை வந்தது வெட்கமல்லவா?

அந்த வட்டத்தில் அமர்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளை, "டிரைவர் அங்கிள் ஏன் நம்மோடு உட்காரவில்லை?" என்று கேட்டால், அதுதான் யாத்திராகமம் 12-இல் சொன்ன கேள்வி. நாம் என்ன பதில் சொல்வோம்? "அவருக்கு அதுதான் வசதி" என்போம். பிள்ளை அதை நம்பாது. ஆனால் இனிமேல் அப்படிக் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளும்.

சமைக்கிறவர்

அடுத்து, பட்டியலில் எழுதப்படாத ஒருவர். மோசேயின் பட்டியலில் மனைவியின் பெயர் தனியாக வரவில்லை. "நீ" என்பதற்குள்ளேயே அவளும் அடங்கியிருக்கிறாள் என்று சொல்லலாம்; வீட்டுக்காரன் உண்கிறான் என்றால் அவளும் உடன் உண்கிறாள் என்பதே அதன் பொருள். நம் வீடுகளில் நடப்பது என்ன? பண்டிகை நாளில் அதிகாலை மூன்று மணிக்கு எழுகிறவளும், கடைசிப் பந்தியில், ஆறிப்போன குழம்போடு தனியே அமர்கிறவளும் ஒருத்தியே. பயணத்துக்கு முந்தின இரவு அவளுக்கு உறக்கமில்லை. பயணத்தின் மறுநாள் துவைக்கும் துணி மலைபோல் கிடக்கிறது. மற்றவர்களுக்கு விடுமுறை, அவளுக்கு வேலை செய்யும் இடம் மட்டும் மாறுகிறது.

இதற்கு நாம் மேற்கோள் காட்டுவது யாரை? மார்த்தாளை! அவள் பற்பல வேலைகளில் கவலைப்பட்டாள் என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிறோம். ஆமென் என்கிறோம். பிறகு வீட்டுக்குப் போய், மார்த்தாள் சமைத்ததைக் காலை நீட்டி உண்கிறோம். மரியாளைப்போல அவள் ஆண்டவருடைய பாதத்தில் அமர வேண்டுமானால், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்பது? இதை எந்தப் பிரசங்கத்திலாவது யாராவது சொன்னதுண்டா?

யோவான் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களை உண்ண அழைத்தார். மரணத்தை வென்றவர், மகிமையில் பிரவேசிக்க இருந்தவர், காலை உணவு சமைத்தார். கடற்கரைக்குச் செல்லும் கிறிஸ்தவ ஆண்மக்களே, கடலிலிருந்து ஏதேனும் பாடம் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாயிருந்தால், இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நிற்கும் விதவை

பட்டியலின் கடைசிப் பெயர் விதவை. நம் திருமண வீடுகளில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். மணமகளைப் பெற்ற தாயாகவே இருந்தாலும், கணவனை இழந்திருந்தால், தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்க அவளை அழைப்பதில்லை. மணமக்களை வாசலில் வரவேற்க வேறொரு பெண்ணைத் தேடுகிறோம். யாரும் அவளைப் போ என்று சொல்வதில்லை. அவளே தூணருகே ஒதுங்கிவிடுகிறாள். அப்படி ஒதுங்கும்படி பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறாள். ஆராதனை முறைமை கிறிஸ்தவம், அலங்காரம் கிறிஸ்தவம், பாடற்குழு கிறிஸ்தவம். யார் கை பட்டால் நன்மை, யார் கை பட்டால் தீமை என்ற கணக்கு மட்டும் கிறிஸ்துவை அறியாதது.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் மரியாளும் யோசேப்பும் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அது ஒரு குடும்பப் பயணம், குழந்தைக்கான சடங்கு. அங்கே அந்த வேளையில் வந்து நின்றவள் அன்னாள். ஏழு ஆண்டுகள் மட்டுமே கணவனோடு வாழ்ந்தவள். அதன்பின் முதிர்வயதுவரை விதவை. அவள் தேவனைப் புகழ்ந்து, மீட்புக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் அந்தக் குழந்தையைக் குறித்துப் பேசினாள். மரியாள் குழந்தையை இழுத்துத் துணியால் மூடிக்கொண்டதாக எழுதப்படவில்லை. உலகத்தின் இரட்சகருடைய குழந்தைப்பருவத்தில் ஒரு விதவை எதிரே வந்து நின்றாள். நற்செய்தியாளர் அதை ஆசீர்வாதமாகவே பதிவு செய்திருக்கிறார். அன்னாள் இன்று நம் வீட்டு ஞானஸ்நான விருந்துக்கு வந்தால், எந்த வரிசையில் உட்கார வைப்போம்?

மொய் நோட்டு

இனி, அழைப்பைப் பற்றி. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதைப்போல் நம் பண்டிகை வழக்கங்களை நேரடியாகத் தாக்கும் வேறொரு வார்த்தை இல்லை. விருந்து செய்யும்போது நண்பரையும் சகோதரரையும் வசதியுள்ள அயலாரையும் அழைக்காதே. அவர்கள் பதிலுக்கு உன்னை அழைத்துவிடுவார்கள், உனக்குக் கைம்மாறு கிடைத்துவிடும். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழை. அவர்களால் திருப்பித் தர இயலாது. அதனால் நீ பாக்கியவான். இதுவே அவர் சொன்னதன் சாரம்.

நாம் என்ன செய்கிறோம்? கைம்மாறு கிடைக்காமற்போகும் என்ற அச்சத்தில், மண்டப வாசலில் மேசை போட்டு, அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். பெயர், ஊர், தொகை. செய்முறை என்கிறோம், மொய் என்கிறோம், அன்பளிப்பு என்கிறோம். பெயர் எதுவாயிருந்தாலும் அது ஒரு கடன் பதிவேடு. இக்கட்டில் இருக்கும் குடும்பத்துக்கு ஊரே கைகொடுக்கும் ஏற்பாடாக அது இருந்ததுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இன்று அது எத்தனை பேரைப் பந்தியிலிருந்து விலக்கிவைக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கையில் ஐந்நூறு ரூபாய் இல்லாததால் சித்தப்பா மகன் திருமணத்துக்கு வராமல், "உடம்புக்குச் சரியில்லை" என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும் உறவினர் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. நாம் அதை நம்பியதுபோல் நடிக்கிறோம். ஏழைகளை அழை என்றார் ஆண்டவர். நாமோ அழைப்பிதழைக் கொடுத்தே ஏழையை வரவிடாமற்செய்யும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அழைத்தவர் வீட்டில் மட்டும் சமாதானம் இருக்கிறதா? கழுத்திலிருந்ததை அடகு வைத்து மண்டபம் பிடித்திருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி நான்கு வகைப் பிரியாணி போட்டிருக்கிறார்கள். பந்தல் பிரித்த மறுநாள் கணவனும் மனைவியும் அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்து, வந்த தொகை வட்டிக்காரனுக்குப் போதுமா என்று கணக்கிடுகிறார்கள். இப்படி முடிந்த விருந்துக்கு ஸ்தோத்திரக் கூட்டம் என்று பெயர் அச்சிட்டிருந்தோம்.

அசனப் பந்தி

கடைசியாக, நாம் அனைவரும் பேசத் தயங்குவது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிச் சபைகளில் அசனம் என்னும் அருமையான வழக்கம் இருக்கிறது. ஆலயப் பண்டிகையில் பெரிய பெரிய பாத்திரங்களில் சோறும் குழம்பும் பொங்கி, ஊரெல்லாம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து. இந்த ஒன்றாக உண்பது நம் தமிழ்ச் சபைக்கு எளிதாக வந்துவிடவில்லை.

சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்கே தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த சபைகளில் நெடுங்காலம் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தார்கள். 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். 1850-இல் சென்னையில் மிஷனரிமார் மாநாடு கூடி, மற்றக் கிறிஸ்தவரோடு சேர்ந்து உண்ண மறுப்பதைச் சாதியின் அடையாளமாகக் கொண்டு, அப்படி மறுக்கிறவரைச் சபையில் ஏற்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. கவனியுங்கள், விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவித்தால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. யாரோடு உண்பாய் என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு முன்பே பவுல் அதைக் கேட்டிருந்தார். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. பேதுரு உபதேசத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. பந்தியை மட்டும் மாற்றினார். பவுல் அதை மரியாதைக் குறைவு என்றோ ஊர் வழக்கம் என்றோ சொல்லவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு முரண் என்றார். எல்லார் முன்பாகவும் எதிர்த்தார். அசனத்தில் ஒன்றாக உண்டுவிட்டு, வீட்டு விருந்துக்கு மட்டும் சொந்தச் சாதியை அழைக்கிறவர்களும், மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுக்கும்போது கிறிஸ்தவர் என்பதற்கு அடுத்து ஒரு சாதிப் பெயரைச் சேர்க்கிறவர்களும் அந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்கட்டும்.

மறுப்புகள்

இதை வாசிக்கும் சிலர், "ஐயா, ஆண்டுக்கு ஒருமுறை சந்தோஷமாகப் போகிறோம், அதையும் குற்றவுணர்ச்சியாக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். இல்லை. கர்த்தர் சந்தோஷத்தைக் கட்டளையிடுகிறவர். உபாகமம் 14-இல், பண்டிகைக்குத் தூரப் பயணம் வருகிறவன் தன் பணத்தைக் கொண்டு தன் மனம் விரும்பியதை வாங்கிக் குடும்பத்தோடு உண்டு களிக்கலாம் என்று அனுமதி கொடுக்கிறார். கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவர் ஆறு கற்சாடிகள் நிறைய மகிழ்ச்சியைக் கொடுத்தார். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்பது பந்தி விசாரித்தவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். விருந்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கே கர்த்தர் தம் மகிமையை முதலில் காட்டினார். நெகேமியாவின் நாளிலும் மக்கள் உண்டு குடித்து மகிழும்படி அனுப்பப்பட்டார்கள். ஆயத்தம் செய்ய வகையில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பும்படியும் சொல்லப்பட்டார்கள். ஒருவனுடைய இலையைக் குறைத்து இன்னொருவனுக்குக் கொடுப்பதால் மகிழ்ச்சி குறைந்ததென்று வேதத்தில் எங்கும் இல்லை.

இன்னும் சிலர், "நாங்கள் தருமத்தைத் தனியாகச் செய்கிறோமே; பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் ஒருவேளை உணவு கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுங்கள், நல்லது. ஆனால் அங்கே நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் வரிசையாக நின்று, தாய் தகப்பனோடு வந்த பிள்ளைக்கு வாழ்த்துப் பாட வேண்டும். அதன் பிறகே உணவு. படம் எடுக்கப்படும். நாம் அவர்களோடு அமர்ந்து உண்ணாமல் காரில் ஏறிவிடுவோம்; மாலை விருந்து வேறிடத்தில் இருக்கிறது. திக்கற்ற பிள்ளை உன்னோடு மகிழ வேண்டும் என்பதே உபாகமத்தின் சொல். உனக்காகப் பாட வேண்டும் என்பதல்ல.

வேறு சிலர், பயணமும் கொண்டாட்டமும் உலகத்துக்குரியவை, விசுவாசிக்கு எதற்கு என்று ஒரேயடியாக வெட்டிவிடுவார்கள். அவர்களுக்கும் எனக்கும் உடன்பாடில்லை. இயேசு ஆண்டுதோறும் பஸ்காவுக்குப் பயணம் போகிற குடும்பத்தில் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில், அந்தப் பயணத்தில்தான் அவர் காணாமற்போனார். பெற்றோர் அவர் உறவினர் கூட்டத்தில் எங்கேயோ இருப்பார் என்று எண்ணி ஒருநாள் பிரயாணம் நடந்துவிட்டார்கள். கூட்டம் பெரியது, எல்லாரும் தெரிந்தவர்கள், பேச்சு சுவையாயிருந்தது. யார் இல்லை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் மரியாளும் யோசேப்பும் தெரிந்ததும் திரும்பி நடந்தார்கள். நாமும் நெடுந்தூரம் வந்துவிட்டோம். அவர் நம்மோடு வருகிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பசித்தவரிலும் அந்நியரிலும் தம்மைக் காணும்படி மத்தேயு 25-இல் சொன்னவர், நாம் விட்டுவந்தவர்களோடு பின்னாலேயே நின்றுவிட்டால்?

இந்த டிசம்பரில்

ஆகையால் எளிய சில காரியங்களைச் சொல்கிறேன். வேன் பேசும்போதே ஓட்டுநருக்கும் ஒரு படுக்கையைக் கணக்கில் சேருங்கள். அது முடியாதென்றால் ஒருநாள் பயணமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஜமக்காளத்தில் அவருக்கு இடம் விட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். அவர் தனிமையை விரும்பினால் அதையும் மதியுங்கள். ஆனால் அழைத்த பின்பு. புறப்படும் ஜெபத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் மதியம் ஆண்கள் பரிமாறட்டும். சமைத்தவர்கள் முதற்பந்தியில் சூடாக உண்ணட்டும். பாத்திரம் துலக்குவதும் பரிமாறுவதில் சேர்ந்ததே. உங்கள் வீட்டுத் திருமணத்தில் கணவனை இழந்த ஒரு தாயின் கையில் முதலில் தாலியைக் கொடுத்து ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பு எழும். எழட்டும், அன்னாளின் வரலாற்றைச் சொல்லுங்கள். இந்த ஒரு திருமணத்திலாவது மொய் மேசையைப் போடாதீர்கள். போடவில்லை என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். அப்போது அந்தச் சித்தப்பா மகனும் வருவார். கையிலிருப்பதற்குள் விருந்தைச் சுருக்குங்கள். கடன் வாங்கி எவரையும் மகிழ்விக்க வேண்டாம். உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் வீட்டு வாசற்படியை இதுவரை தாண்டாத ஒரு குடும்பத்தைப் பெயரோடு நினைத்து, இந்த ஆண்டு அவர்களை அழையுங்கள். அவர்கள் அழைத்தால் நீங்களும் போய் அவர்கள் இலையில் உண்ணுங்கள்.

இவற்றில் ஒன்றைச் செய்தாலும் உங்கள் பிள்ளை கேள்வி கேட்கும். "இந்த வருஷம் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கும். அப்போது வேதத்தைத் திறந்து பதில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொல்லப்படும் வசனம் அதன் உள்ளத்தில் நிற்கும்.

ஜெபம்: கர்த்தாவே, பாவிகளோடு பந்தியிருந்தவரே, நாங்கள் விரிக்கும் ஜமக்காளத்திலும் போடும் இலையிலும் நீர் அழைக்கச் சொன்னவர்களுக்கு இடம் உண்டாக்க எங்களுக்கு மனம் தாரும். நாங்கள் விட்டுவந்தவர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். திரும்பிப் போய் அவர்களை அழைத்துவரும் தாழ்மையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.